பவுனைப் பார்த்திருக்கீங்களா?

"எத்தனை பவுன்?"

இந்தக் கேள்வி இல்லாம நம்ம பக்கம் ஒரு கல்யாணப் பேச்சும் முடிஞ்சதில்லை. அக்காவுக்கு 30 பவுன், சித்தி கழுத்துல 5 பவுன் சங்கிலி, பேங்க்ல அடகு 8 பவுன்னு பிறந்ததுலேர்ந்து கேட்டு வளர்ந்த வார்த்தை. சரி மக்கா, இப்ப நான் ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்க ஒரு பவுனைப் பார்த்திருக்கீங்களா?

"இதோ, அம்மா கையில கிடக்கே"ன்னு வளையலைக் காட்டாதீங்க. அது வளையல். அதோட எடைதான் ஒரு பவுன். நான் கேட்கிறது பவுனை!

பவுன்ங்கிறது ஒரு காசு. இங்கிலாந்து நாட்டுத் தங்கக் காசு. அதோட மதிப்பு ஒரு பவுண்டு, அதனால நம்ம வாயில 'பவுன்'. அதே காசுக்கு இங்கிலீஷ்ல 'சாவரின்'னு பேர், அதனால பேப்பர்ல 'சவரன்'. ரெண்டும் ஒரே காசுதான். காசு நம்ம கையைவிட்டுப் போயே போச்சு. எடை மட்டும் நம்ம வீட்டுலயே தங்கிருச்சு!

அந்தக் காசு நெல்லைச் சீமைக்கு எப்படி வந்துச்சு, எங்க போச்சுன்னு தேடிக் கிளம்பினேன். நீங்களும் வாங்க. டவுன்ல ஆரம்பிச்சு, ரயிலேறி தூத்துக்குடி போய், தாமிரபரணிக் கரை வழியா திரும்பி வருவோம். ஒரு நாள் போதும். செலவு கம்மி. அல்வா மட்டும் உங்க சொந்தச் செலவு!

7.988

கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு. இன்ஜினீயரிங் படிக்கிறவன்கிட்ட மாட்டினா இதெல்லாம் சகஜம்.

இப்ப நாம பேசுற மாதிரி பவுன் காசை முதன்முதலா அடிச்சது 1817-ல். எடை 7.988 கிராம். குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். அதாவது உங்க லேப்ல இருக்கிற வெர்னியர் காலிபர் போதும், அளந்துடலாம். ஒரு பக்கம் ராஜா இல்லைன்னா ராணி தலை. மறுபக்கம் குதிரை மேல உட்கார்ந்து பறவை நாகத்தை அடிக்கிற புனித ஜார்ஜ். அந்த உருவத்தைச் செதுக்கினவர் இத்தாலிக்காரரான பெனெடெட்டோ பிஸ்ட்ருச்சி. 200 வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தக் குதிரை இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு.

தங்கம் 22 கேரட். 24-ல் 22 பங்கு. வகுத்துப் பாருங்க... 0.9166. நகைக்கடை போர்டுல '916'னு மின்னுதே, அதே தரம்தான். இங்கிலாந்துல இந்தத் தரத்துல 1526-லேயே காசு அடிச்சிருக்காங்க.

7.988 கிராமை நாம 8 கிராம்னு ஆக்கிக்கிட்டோம். ஒரு பவுனுக்கு 12 மில்லிகிராம் வித்தியாசம். 100 பவுனுக்கு 1.2 கிராம். 'நூறு பவுன் போட்டோம்'னு சொல்ற வீட்டுல அசல் காசாப் போட்டிருந்தா, அரைக்கால் பவுனுக்கு மேல குறையும். நல்லவேளை, வரதட்சணை 1961-லேர்ந்து சட்டப்படி குற்றம், இந்தக் கணக்கையும் சேர்த்துக் கேட்க எந்த மாமியாருக்கும் வழியில்லை!

ரத வீதியில ஒரு மத்தியானம்

நெல்லையப்பர் கோயிலைச் சுத்தி நாலு ரத வீதி. ஆனி மாசம் தேர் ஓடுற வீதியில மத்த நாள்லாம் ஜனம் ஓடுது. ஜவுளி, பாத்திரம், அல்வா, தங்கம்... கல்யாணத்துக்குத் தேவையான எல்லாம் ஒரே ரவுண்டுல முடிஞ்சிரும். பெரிய ஷோரூம்கள்ல பவுன் காசு கேட்டா, கடையோட முத்திரை போட்ட புதுக் காசைத்தான் காட்டுறாங்க. பழசு வேணும்னா சின்னக் கடைக்குத்தான் போகணும். அங்கதான் தாத்தா காலத்து உரைகல்லும் அதுக்குப் பக்கத்துலயே கம்ப்யூட்டர் பில்லும் இருக்கும்.

அப்படி ஒரு கடையில அண்ணாச்சிகிட்ட பேசிட்டிருந்தப்ப, ஒரு ஆச்சி உள்ள வந்தாங்க. மேற்கே ஆத்தோரத்து ஊரு. சேலை முந்தியில முடிச்சு. முடிச்சுக்குள்ள மஞ்சத் துணி. துணிக்குள்ள ஒரே ஒரு காசு. மேல சின்னதா ஒரு வளையம் ஊதியிருந்துச்சு. ஒரு காலத்துல மாலையில கோத்த காசு.

"இத எடுத்துக்கிட்டு ரெண்டு கம்மல் குடுய்யா. பேத்தி காலேஜுக்குப் போறா. அவ கம்மலை வித்துத்தான் பணம் கட்டுனோம். மூணு மாசமா ஈர்க்குச்சிய மாட்டிக்கிட்டுப் போறா."

அண்ணாச்சி எடை போட்டார். உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்தார். லென்ஸை என்கிட்ட நீட்டி, "நீதான பவுன் பவுன்னு கேட்டுக்கிட்டு நின்ன, பாரு"ன்னார்.

பார்த்தேன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். திருப்பினா குதிரை. கீழே 1918. வருஷத்துக்கு மேல, குதிரை நிற்கிற தரைக்கோட்டுல, கடுகுல பாதி அளவுக்கு ஓர் ஆங்கில எழுத்து: ஐ.

மக்கா, அந்த எழுத்துக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. லண்டன்ல அடிச்ச பவுன்ல பொதுவா எழுத்து இருக்காது. வெளியூர்ல அடிச்சா அந்த ஊர் எழுத்து இருக்கும். சிட்னிக்கு எஸ், மெல்போர்னுக்கு எம், பெர்த்துக்கு பி. 'ஐ'னா இந்தியா! முதல் உலகப் போர் சமயத்துல தங்கத்தைக் கப்பல்ல லண்டனுக்குக் கொண்டு போய், காசாக்கித் திரும்ப இங்க அனுப்புறது ஆபத்து. அதனால 1918-ல் பம்பாய்லயே லண்டன் நாணயசாலையோட கிளையைத் திறந்தாங்க. சுமார் 13 லட்சம் பவுன் அடிச்சாங்க. அடுத்த வருஷமே மூடிட்டாங்க. 'ஐ' எழுத்து போட்ட அந்தக் காலத்துப் பவுன் எல்லாத்துலயும் 1918-னுதான் இருக்கும். அதுக்கப்புறம் 2013-ல்தான் லண்டன் நாணயசாலையோட அனுமதியில டெல்லிப் பக்கம் திரும்ப அந்த எழுத்தோட அடிக்க ஆரம்பிச்சாங்க.

இதையெல்லாம் ஆச்சிகிட்ட மூச்சு விடாம சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. "அந்த எழுத்துக்குக் கூடக் கொஞ்சம் கிடைக்குமோ?"

அண்ணாச்சிதான் பதில் சொன்னார். "வளையம் ஊதுன காசுக்குத் தங்க விலைதான் ஆச்சி. சேகரிக்கிறவன் ஒட்டு இல்லாத, முகம் தேயாத காசாத்தான் கேப்பான். இந்த வருஷக் காசு ஒண்ணும் கிடைக்காத காசும் இல்ல."

நேர்மையான பதில். 13 லட்சம் அடிச்ச காசு அபூர்வம் ஆகாது. அபூர்வம்னா 1819. அந்த வருஷம் மொத்தமே 3,574 காசுதான் அடிச்சாங்க. நல்ல காசுல வளையம் ஊதினா, சேகரிக்கிறவங்களைப் பொறுத்தவரைக்கும் அது 'காயம்பட்ட காசு'.

"உருக்காம வெச்சுக்கலாமே ஆச்சி, நூறு வருஷக் காசாச்சே?"ன்னு கடைசியாக் கேட்டுப் பார்த்தேன்.

"காசுக்கு என்னத்துக்குய்யா வயசு? பிள்ளை காது மூளியால்லா இருக்கு!"

என்கிட்ட பதில் இல்லை. கம்மல் இல்லாம காலேஜ் வாசல் ஏறுற பொண்ணு நம்ம கிளாஸ்லயும் உட்கார்ந்திருக்கலாம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டேன். ஒரு துண்டு பேப்பரைக் காசு மேல வெச்சு, பென்சிலால மெதுவா தேய்ச்சுக்கிட்டேன். குதிரை வந்துச்சு. 1918 வந்துச்சு. அந்தக் குட்டி எழுத்து மங்கலா வந்துச்சு. ஆச்சி சிரிச்சாங்க. "எங்க மாமனார் கொழும்புல இருந்து கொண்டாந்ததுய்யா. ஒம்பது கிடந்துச்சு. இது கடைசி"ன்னாங்க. அதையும் பேப்பர் ஓரத்துல எழுதிக்கிட்டேன். காசு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள போச்சு. ஆச்சி கம்மலோட பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாங்க.

பாலத்துல ஒரு பெருக்கல்

டவுன்ல இருந்து ஜங்ஷன். ரயிலுக்கு நேரம் இருந்தா, பாளையங்கோட்டைப் பக்கம் நடந்து சுலோச்சன முதலியார் பாலத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. கீழே தாமிரபரணி. 1843-ல் திறந்த பாலம். கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார், கிட்டத்தட்ட 50,000 ரூபாய் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினது. அவர் மனைவி நகையெல்லாம் கழட்டிக் கொடுத்தாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு.

அப்ப ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 10 ரூபாய். அப்படின்னா 50,000 ரூபாய்ங்கிறது 5,000 பவுன் காசு. பெருக்கினா 40 கிலோ தங்கம்! சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, உங்க எஸ்டிமேட்ல இப்படி ஒரு வரி எழுத முடியுமா?

கப்பலேறி வந்த காசு

தூத்துக்குடி போற ரயில்ல வாஞ்சி மணியாச்சி வரும். 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட ஸ்டேஷன். அதுக்கு அஞ்சு நாள் கழிச்சு லண்டன்ல ஒரு ராஜாவுக்கு முடிசூட்டு விழா நடந்துச்சு. யாருன்னு நினைக்கிறீங்க? ஆச்சி காசுல பார்த்தோமே, அதே ஐந்தாம் ஜார்ஜ்! எந்த ராஜாவோட ஆட்சி வேண்டாம்னு இந்த மண்ணுல துப்பாக்கி வெடிச்சதோ, அவர் தலைதான் இந்த மண்ணுப் பொம்பளைங்க கழுத்துல மாலையாத் தொங்குச்சு. அவங்களுக்கு அது ராஜா இல்லை, அவசரத்துக்கு உதவுற தங்கம்.

தூத்துக்குடியில இறங்கினா பழைய துறைமுகத்துக்குப் போங்க. நம்ம சீமைக்குப் பவுன் வந்த பெரிய வாசல் இதுதான். நம்ம பருத்தி 'டின்னவேலி'ங்கிற பேர்லயே இங்கிலாந்துச் சந்தையில வித்துச்சு. 1861-லேர்ந்து 1865 வரைக்கும் அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் நடந்தப்ப, அந்த ஊர்ப் பருத்தி வராம இந்தியப் பருத்திக்கு ஏக கிராக்கி. பஞ்சு போச்சு, பொன்னும் வெள்ளியும் வந்துச்சு. அப்புறம் கொழும்புக் கப்பல். தேயிலைத் தோட்டத்துக்கும் கடை வேலைக்கும் போனவங்க திரும்பி வந்தப்ப மடியில முடிஞ்சுட்டு வந்த சேமிப்புலயும் பவுன் இருந்துச்சு. ஆச்சியோட மாமனாரும் அந்தக் கூட்டத்துல ஒருத்தர்.

1899-ல் போட்ட சட்டப்படி, பவுன் காசு இந்தியாவுலயும் செல்லும் பணம். ஒரு பவுன் 15 ரூபாய்! பெருமூச்சு விட்டாச்சா? இப்ப அந்தக் கணக்கை வ.உ.சி. பக்கம் திருப்புங்க. 1906-ல் அவர் பதிவு பண்ணின சுதேசி நாவாய்ச் சங்கத்தோட மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. ஒரு பங்கு வாங்க, ஒண்ணே முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவா வேணும். மொத்த மூலதனம் கிட்டத்தட்ட 66,667 பவுன். அரை டன்னுக்கு மேல தங்கம்! வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிரா 'காலியா', 'லாவோ'ன்னு ரெண்டு கப்பலை ஓட்டினது அப்படித் திரட்டின பணத்துலதான். பாடப் புத்தகத்துல '10 லட்சம்'னு படிச்சப்ப சாதாரணமாத்தான் இருந்துச்சு. பவுன்ல போட்டுப் பார்த்தப்பதான் அந்த மனுஷன் எவ்வளவு பெரிய பாரத்தைத் தூக்கினார்னு புரிஞ்சுது.

வந்த காசு ஏன் தங்கலை? 1927-ல் பவுன், செல்லும் பணமா இருக்கிறது நின்னுச்சு. 1931-ல் இங்கிலாந்து தங்க மதிப்பைக் கைவிட்டதும், தங்கத்துக்கு ரூபாய் விலை எகிறுச்சு. அது உலகமே மந்தத்துல கிடந்த காலம். விளைச்சலுக்கு விலை இல்லை, கடன்காரன் வாசல்ல. இந்தியா முழுக்க வீட்டுத் தங்கத்தை வித்தாங்க. வந்த வழியிலேயே தங்கம் கப்பலேறிப் போச்சு. மிச்சம் இருந்ததுல பல காசு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் உருகி, வளையலாச்சு, சங்கிலியாச்சு.

ஆத்தோரமா திரும்பும்போது

திரும்பி வர்றப்ப ஏரல், ஸ்ரீவைகுண்டம் வழியா பஸ்ல வாங்க. ரெண்டு பக்கமும் வாழை, நெல். 2023 டிசம்பர்ல இந்த வழியெல்லாம் ஆறு ஊருக்குள்ள வந்துச்சு. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னு, நூத்துக்கணக்கான பேர் மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி ராத்திரியில நெல்லு மூட்டை வராது, கட்டில் வராது, டிவி வராது. முந்தியில முடிஞ்ச காசு மட்டும் கூடவே வரும். பவுனை ஏன் நம்ம ஆச்சிமாருங்க நம்புனாங்கன்னு புத்தகத்துல தேட வேண்டாம். இந்த ஆத்தைப் பார்த்தாலே போதும்.

அடுத்து ஆதிச்சநல்லூர். 1899-லேர்ந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரீ இங்க தோண்டினப்ப, தாழிகளோட தங்க நெற்றிப்பட்டங்களும் கிடைச்சுது. பவுனுங்கிற வார்த்தை பிறக்கிறதுக்குப் பல நூற்றாண்டுக்கு முன்னாடியே இந்தக் கரையில பொன் இருந்துச்சு. யாரும் அதை உருக்கலை, அதனாலதான் நமக்குத் தெரியுது.

இங்க ஒரு எச்சரிக்கை. வீட்டுக்கு வானம் தோண்டுறப்ப பானையில காசு கிடைச்சா, 'யாருக்கும் தெரியாம உருக்கிடுவோம்'னு நினைக்காதீங்க. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லியே ஆகணும். அதே மாதிரி, 1972-ம் வருஷத்துச் சட்டப்படி 100 வருஷம் தாண்டின காசு, தொல்பொருள். வெளிநாட்டுக்குப் போற அண்ணன் கையில 'சும்மா கொண்டு போய் வித்துட்டு வா'ன்னு கொடுத்து அனுப்ப முடியாது. அப்படிப் பார்த்தா 1918-ம் வருஷத்து ஆச்சி காசும் தொல்பொருள்தான்!

காசில்லாம காசு சேர்க்கலாம்

"நல்லாத்தான் இருக்கு. ஆனா, அரியர் ஃபீஸ் கட்டவே காசில்லை, பவுன் சேகரிக்கச் சொல்றியே"ன்னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. பவுனை வாங்கவே வேண்டாம். நான் டவுன்ல செஞ்சதை நீங்க உங்க தெருவுல செய்யலாம். உருக்கிறதை நம்மால தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. பேத்திக்குக் கம்மல் வேணும்னா வேணும்தான். ஆனா, உருக்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் கேட்கலாம்.

முதல்ல தலையைப் பாருங்க. விக்டோரியா ராணின்னா இளவயசு முகம், பொன்விழா முகம், முக்காடு போட்ட வயசான முகம்னு மூணு விதம் இருக்கு. அப்புறம் ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ். ஒரு பக்கம் ராஜா ஜார்ஜ், மறுபக்கம் புனித ஜார்ஜ்னு வந்தா ரெட்டை ஜார்ஜ் காசு! விக்டோரியா காலத்துக் காசு சிலதுல குதிரைக்குப் பதிலா கேடயம் இருக்கும். அடுத்து வருஷம். அப்புறம் எழுத்து இருக்கான்னு லென்ஸ்ல தேடுங்க.

அசலா, போலியா? நம்ம ஃபிசிக்ஸ் இங்க உதவும். 22 கேரட் பவுனைத் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை போட்டா, சுமார் 0.45 கிராம் குறையணும். நம்ம ஆர்க்கிமிடீஸ் மாமாதான்! அதே அளவுல பித்தளை வில்லை வெட்டினா, மொத்த எடையே 4 கிராம் வராது. ஆனா, ஒரு சிக்கல். நிஜத் தங்கத்துலயே போலிக் காசு அடிச்சவங்களும் உண்டு. பெய்ரூட் அதுக்குப் பேர்போன ஊர். அங்க தராசு ஏமாந்துரும். எழுத்தோட கூர்மையும் விளிம்பு வரிகளும்தான் காட்டிக் கொடுக்கும். அதுக்கு அனுபவப்பட்ட கண்ணு வேணும்.

முக்கியமா, காசைத் தேய்ச்சுப் பளபளப்பாக்காதீங்க. புளியும் வேண்டாம், பல்பொடியும் வேண்டாம். ஒட்டு இல்லாத காசுல புதுசா வளையம் ஊதச் சொல்லாதீங்க. வீட்டுல விற்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா, வருஷமும் எழுத்தும் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு விற்கச் சொல்லுங்க. பெரும்பாலும் தங்க விலைதான் கிடைக்கும். எப்பவாவது ஒண்ணு 1819 மாதிரி வந்து விழலாம், யார் கண்டா?

கடைசியா, வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி: "இது எப்படி நம்ம வீட்டுக்கு வந்துச்சு?" கொழும்புன்னு சொல்வாங்க, பர்மான்னு சொல்வாங்க, பருத்தி வித்ததுன்னு சொல்வாங்க. சில பேர் ஒண்ணும் சொல்லாம அழுவாங்க. எல்லாத்தையும் எழுதிக்குங்க. காசு உருகினா எடை மிஞ்சும். இந்தக் கதை மிஞ்சாது.

தேவையானது ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போறீங்கதானே? ஆச்சி பீரோவைத் திறக்கிற நேரமாப் பார்த்து, பக்கத்துல போய் உட்காருங்க. மறக்காம பென்சிலைச் சீவிட்டுப் போங்க!